கேள்வி – பதில்: விளையாட்டு மைதானத்தில் போர் விமானத்துக்கு என்ன வேலை?

அமெரிக்க ஃபுட்பாலையும் பேஸ்பாலையும் யூடியூபில் பார்க்கத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் பலர், பந்தாட்டத்துக்கு நடுவே இவ்வளவு கொடி, இவ்வளவு சீருடை, இவ்வளவு பீரங்கிப் பேச்சு எதற்கு என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஒலிம்பிக்கில் நாடும் நாடும் மோதும்போது தேசிய கீதம் ஒலிப்பது புரிகிறது. இரண்டு கிளப்புகள் ஆடும் சாதாரண லீக் ஆட்டத்துக்கு எதற்குக் கீதம்? ஆதியிலிருந்தே இப்படித்தானா?
— ஈரோடு வாசகர்

ஆதியிலிருந்து இல்லை. இந்தப் பழக்கம் வேர்விட்ட நாளைச் சொல்ல முடியும்: 1918 செப்டம்பர் 5, சிகாகோ. பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸும் சிகாகோ கப்ஸும் மோதின.

அன்றைய சூழலைத் தெரிந்துகொண்டால்தான் அந்த நாளின் கனம் புரியும். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 'வேலை செய் அல்லது போரிடு' என்று அரசு ஆணை போட்டிருந்தது. பேஸ்பால் அத்தியாவசியத் தொழில் அல்ல என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால் பருவத்தையே ஒரு மாதம் முன்னதாக முடிக்க வேண்டியதாயிற்று. நாடு பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கையில் வாட்டசாட்டமான இளைஞர்கள் மட்டையோடு நிற்கிறார்களே என்ற மனக்குறை மக்களிடம் இருந்தது. போதாததற்கு, முந்தைய நாள்தான் சிகாகோவின் மத்திய அரசுக் கட்டடத்தில் குண்டு வெடித்து நான்கு பேர் இறந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு வந்தவர்கள் 19,274 பேர். இறுதித் தொடருக்கு அது குறைவான கூட்டம். வந்தவர்களிடமும் உற்சாகம் இல்லை.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் ரசிகர்கள் எழுந்து சோம்பல் முறிப்பது வழக்கம். அந்த இடைவெளியில் பேண்டுக்காரர்கள் இன்று தேசிய கீதமாக இருக்கும் 'ஸ்டார் ஸ்பேங்கிள்டு பேனர்' பாட்டை வாசித்தார்கள். ரெட் சாக்ஸின் மூன்றாம் பேஸ் வீரர் ஃப்ரெட் தாமஸ் கடற்படையில் இருந்தவர், விடுப்பில் ஆட வந்தவர். பாட்டு காதில் விழுந்ததும் கொடியின் பக்கம் திரும்பி, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். மற்ற வீரர்களும் திரும்பினார்கள். கூட்டத்தில் அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கிய பாட்டு மைதானம் முழுக்கப் பரவியது. முடிந்ததும் எழுந்த கைதட்டல்தான் அன்றைய ஆட்டத்திலேயே பெரிய கைதட்டல். (அந்த ஆட்டத்தில் 1–0 என்று ஜெயித்துக் கொடுத்த பந்தெறிபவர் பேப் ரூத்.) தொடர் பாஸ்டனுக்குப் போனதும் அங்கே பாட்டை ஆட்டத்தின் தொடக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்கு இலவச டிக்கெட்டும் கொடுத்தார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1918இல் அது தேசிய கீதமே இல்லை. சட்டப்படி அந்தத் தகுதி கிடைத்தது 1931 மார்ச் 3 அன்றுதான். பாட்டும் ஒரு போரில் பிறந்ததுதான்: 1814 செப்டம்பரில் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டை மீது பிரிட்டிஷ் கப்பல்கள் இரவெல்லாம் குண்டு வீசிய பிறகும் விடியலில் கொடி பறந்ததைப் பார்த்து ஃப்ரான்சிஸ் ஸ்காட் கீ எழுதியது.

1918க்குப் பிறகும் பல வருடங்கள் தொடக்க நாள், விடுமுறை நாள், இறுதித் தொடர் ஆகியவற்றுக்கு மட்டுமே வாசித்தார்கள். பேண்டுக்குக் கூலி கொடுக்க வேண்டுமே! மைதானங்களில் ஒலிபெருக்கி வந்ததும் அந்தச் செலவு போயிற்று. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அது தினசரி வழக்கமாயிற்று. போர் முடிந்த 1945இல் ஃபுட்பால் லீகின் தலைவர் எல்மர் லேடன், இதை நிறுத்தக் கூடாது, ஒவ்வொரு ஆட்டத்திலும் இருக்க வேண்டும் என்றார். போர் போனது, பாட்டு தங்கிவிட்டது.

பேஸ்பாலைக் கண்டுபிடித்தவர் ஒரு ராணுவ ஜெனரல் என்று படித்தேன். சரியா?
— திருச்சி வாசகர்

தவறு. ஆனால் அந்தத் தவறை ஒரு குழு உட்கார்ந்து அதிகாரபூர்வமாகச் செய்தது என்பதுதான் விஷயம். இங்கிலாந்தின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்ததே பேஸ்பால் என்று பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக் எழுதிவந்தார். விளையாட்டுச் சாமான் வியாபாரியும் முன்னாள் வீரருமான ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு அது பொறுக்கவில்லை. 1905இல் ஆப்ரஹாம் மில்ஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஏப்னர் கிரேவ்ஸ் என்பவரின் கடிதம் ஒன்றே அதற்கு முக்கிய ஆதாரம். 1839இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் ஏப்னர் டபுள்டே இதை உருவாக்கினார் என்றது அந்தக் கடிதம். 1839இல் கிரேவ்ஸுக்கு வயது ஐந்து. டபுள்டே அப்போது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். தான் எழுதியவற்றில் எங்கும் இதைத் தன் கண்டுபிடிப்பு என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

ஆனாலும் குழு 1907 கடைசியில் அவர் பெயரையே அறிவித்தது. உள்நாட்டுப் போரில் சம்டர் கோட்டையிலும் கெட்டிஸ்பர்கிலும் நின்ற ஜெனரல் அவர். சொந்த நாட்டு ஆட்டத்துக்குத் தகப்பன் தேடியவர்களுக்கு ஒரு போர் வீரரே கிடைத்தால் விடுவார்களா? 1939இல் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ்மண்டபத்தைத் திறந்ததும் இந்தக் கதையின் 'நூற்றாண்டை' ஒட்டித்தான். அந்த மண்டபத்தில் கௌரவிக்கப்பட்டவர்கள் பட்டியலில் டபுள்டே பெயர் இல்லை.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்கப் போர் மாதிரியே இருக்கிறது. விதிகளும் போரிலிருந்துதான் வந்தனவா? எப்படிப் பார்த்தால் புரியும்?
— கோவை, பொறியியல் மாணவர்

விதிகள் ரக்பியிலிருந்து வந்தன. போர்க்கலை பிற்பாடு ஏறியது, அதுவும் தெரிந்தே ஏற்றப்பட்டது.

முதலில் ஆட்டத்தின் எலும்புக்கூடு. அணிக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு நீளம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் 10 யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. 1880இல் வால்டர் கேம்ப் கொண்டுவந்த மாற்றம்தான் இதன் அடித்தளம்: ரக்பியில் பந்துக்காக இரு தரப்பும் முண்டியடிக்கும், இங்கே பந்து ஒரு தரப்புக்கே சொந்தம், நடுவே ஒரு கோடு, கோட்டின் இருபுறமும் அணிகள். ஒவ்வொரு மோதலும் முடிந்தபின் கோடு நகரும். ஆக, இது நிலம் பிடிக்கும் ஆட்டம். கோல் எங்கே என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். பந்தை விட்டுவிட்டு பந்து வைத்திருக்கும் அணிக்காக நடுக்கோட்டில் மோதும் ஐந்து தடியர்களைப் பாருங்கள். அவர்கள் பின்வாங்கினால் குவாட்டர்பேக்குக்கு (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர்) நேரம் கிடைக்காது, நேரம் கிடைக்காவிட்டால் எந்தத் திட்டமும் பலிக்காது. பத்து நிமிடத்தில் ஆட்டம் பிடிபடும்.

இனி போர்க்கலை. 1892 நவம்பரில் யேல் அணிக்கு எதிராக ஹார்வர்டு ஒரு புது வியூகத்தை இறக்கியது. வகுத்தவர் லோரின் டீலண்ட். ஃபுட்பால் ஆடியே பழக்கமில்லாதவர், சதுரங்கப் பிரியர், நெப்போலியனின் போர்முறைகளைப் படித்தவர். பகைவரின் பலவீனமான ஒரே புள்ளியில் மொத்தப் பலத்தையும் குவிப்பது நெப்போலியன் பாணி. டீலண்ட் தன் ஆட்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து வெகு பின்னாலிருந்து சாய்வாக ஓடிவர வைத்தார். இரண்டும் முன்னே ஆப்பு வடிவத்தில் இணையும் கணத்தில் பந்து கைமாறும். பந்துக்காரர் ஆப்புக்குள்ளே பத்திரமாக ஓடுவார். எதிரே நிற்பவர் மீது ஓட்ட வேகத்தோடு அத்தனை பேரின் எடையும் வந்து விழும். அன்று ஜெயித்தது யேல்தான், ஆனால் வியூகம் நாடெங்கும் பரவியது. எலும்புகள் முறிந்தன. 1894இல் அதைத் தடை செய்தார்கள்.

தடை போட்டும் கூட்டமாக மோதும் குணம் போகவில்லை. 1905 பருவத்தில் 18, 19 பேர் இறந்ததாக அன்றைய பத்திரிகைக் கணக்கு. அந்த அக்டோபரில் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆட்டத்தை ஒழிக்க அவருக்கு மனமில்லை. இளைஞர்களைப் போருக்குத் தகுதியான உரமுள்ளவர்களாக்கும் என்று நம்பியவர் அவர். 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது, முன்னேற வேண்டிய தூரம் 5 யார்டிலிருந்து 10 ஆனது. எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்தால் தலைக்கு மேலே பந்து போய்விடும் என்பதால் கூட்டம் பிரிந்து பரவியது. இன்று நீங்கள் ரசிக்கும் நீண்ட பாஸ், சாவைக் குறைக்க வந்த விதி.

சொற்களைப் பாருங்கள். குவாட்டர்பேக் மீது திடீர்ப் பாய்ச்சல் 'பிளிட்ஸ்' (மின்னல் தாக்குதல்), நீண்ட பாஸ் 'பாம்', நடுக்கோட்டு மோதல் 'டிரென்ச்' (பதுங்குகுழி), குவாட்டர்பேக் பின்னே தள்ளி நிற்கும் அமைப்பு 'ஷாட்கன்'. கடன் ஒருவழிப் பாதையும் அல்ல. 1972இல் வட வியட்நாம் மீது நடந்த பெரும் விமானத் தாக்குதலுக்கு அமெரிக்கா வைத்த பெயர் 'லைன்பேக்கர்', அது ஃபுட்பாலில் ஒரு தடுப்பாளரின் பெயர். 1991 வளைகுடாப் போரில் இராக்கியப் படையை மேற்கே சுற்றி வளைத்த நகர்வை ஜெனரல் ஷ்வார்ஸ்காஃப் பத்திரிகையாளர்களுக்கு விளக்கியபோது பயன்படுத்திய சொல் 'ஹெயில் மேரி', கடைசி நொடியில் கடவுளை வேண்டி எறியும் பாஸ். அணு ஆயுத உத்தரவுக்காக அதிபரோடு எப்போதும் போகும் பெட்டிக்குப் பேச்சுவழக்கில் பெயர் 'ஃபுட்பால்'. போரை ஆட்டத்தின் சொல்லால் சொல்லும்போது மக்களுக்கு அது சட்டென்று புரிகிறது. அதோடு, அதில் சாகிறவர்கள் கண்ணிலிருந்து மறைந்தும் போகிறார்கள். எங்களுக்கு இதில் கவலை உண்டு.

இரண்டாம் உலகப் போரில் பெரிய விளையாட்டு வீரர்கள் உண்மையிலேயே சண்டைக்குப் போனார்களா, அல்லது விளம்பரத்துக்குச் சீருடை போட்டார்களா?
— மதுரை வாசகர்

இரண்டும் உண்டு. பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகின் 500க்கும் மேற்பட்ட வீரர்கள் படையில் சேர்ந்தார்கள். பலர் முகாம்களில் பேஸ்பால் ஆடியே காலம் கழித்தார்கள். ஆனால் பாப் ஃபெல்லர் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இரண்டே நாளில் கடற்படையில் சேர்ந்து அலபாமா போர்க்கப்பலில் பீரங்கிப் பிரிவில் பணியாற்றினார். டெட் வில்லியம்ஸ் 1941இல் .406 பேட்டிங் சராசரியோடு (பத்தில் நான்கு முறை வெற்றிகரமான அடி) உச்சத்தில் இருந்தவர். 1943 முதல் 1945 வரை மூன்று பருவங்களைக் கடற்படை விமானியாக இழந்தார். கொரியப் போருக்கு மறுபடி அழைத்தார்கள். அங்கே 39 முறை போர் விமானத்தில் பறந்தார். 1953 பிப்ரவரியில் தீப்பற்றிய விமானத்தைச் சக்கரமின்றித் தரையில் உராய்த்து இறக்கி உயிர் தப்பினார்.

ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் கேட்டபோது, அதிபர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1942 ஜனவரி 15 அன்று பதில் எழுதினார். நீண்ட நேரம் உழைக்கும் மக்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும், ஆட்டம் தொடர்வதே நாட்டுக்கு நல்லது என்பது சாரம்.

அதற்கு அடுத்த மாதமே அதே ரூஸ்வெல்ட் போட்ட ஆணைப்படி மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அரிசோனா பாலைவனத்தின் கீலா ரிவர் முகாமில் கெனிச்சி ஜெனிமுரா என்ற பழைய ஆட்டக்காரர், முகாமில் இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு புதரை வெட்டி, மண்ணைச் சமன்செய்து, பேஸ்பால் மைதானம் கட்டினார். முகாம் வேலியிலிருந்தே கம்பங்களைப் பிடுங்கினார்கள். வெளி எல்லைக்குச் சுவர் கட்ட வழியில்லாததால் ஆமணக்கை வரிசையாக நட்டு வேலியாக்கினார்கள். துப்பாக்கிக் காவலுக்குள் அடைபட்டவர்கள், தங்களை அடைத்த நாட்டின் ஆட்டத்தையே ஆடினார்கள். அமெரிக்க அடையாளம் என்றால் என்ன என்று எங்களைக் கேட்டால் நாங்கள் அந்த ஆமணக்கு வேலியைத்தான் காட்டுவோம்.

கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனையும் சொல்ல வேண்டும். 1944 ஜூலையில் டெக்சாஸ் ராணுவ முகாமில் லெப்டினன்ட்டாக இருந்தவர், பஸ்ஸின் பின்பக்கம் போகச் சொன்னபோது மறுத்தார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், விடுதலையானார். மூன்று வருடம் கழித்து, 1947 ஏப்ரல் 15 அன்று, மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்து புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கியவர் அவர்தான்.

கீதம் முடியும் அதே நொடியில் போர் விமானங்கள் தலைக்கு மேல் பறக்கின்றனவே, எப்படிக் கணக்குப் பண்ணுகிறார்கள்? செலவு யாருடையது?
— சென்னை வாசகர்

கணக்கு எளியது, செய்வது கடினம். 300 நாட் (மணிக்குச் சுமார் 556 கிலோமீட்டர்) வேகம் என்று வைத்துக்கொண்டால் விமானம் நிமிடத்துக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும். 10 நொடி பிசகினால் ஒன்றரை கிலோமீட்டர் பிசகு. எனவே பாடகரின் ஒத்திகையைக் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள். விமானங்கள் சில கிலோமீட்டர் தள்ளி வட்டமடித்துக் காத்திருக்கும். மைதானத்துக்குள் ரேடியோவோடு ஓர் அதிகாரி நின்று, பாட்டு தொடங்கியது, இந்த வரியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்கேற்ப விமானிகள் வட்டத்திலிருந்து பிரிந்து நேர்க்கோட்டில் வருவார்கள். சொதப்புவது பெரும்பாலும் பாடகரால்தான். கடைசி வரியில் உணர்ச்சிவசப்பட்டு ஒரு ஸ்வரத்தை இழுத்துவிட்டால் விமானம் முந்திவிடும். ஆகாயத்தில் பிரேக் போட முடியாதே. ஃபுட்பால் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 2011இல் நடந்தபோது டெக்சாஸ் மைதானத்தின் கூரை மூடியிருந்தது. மேலே கடற்படை விமானங்கள் பறந்ததை உள்ளே இருந்தவர்கள் திரையில்தான் பார்த்தார்கள்.

விமானிகள் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் எப்படியும் பறந்து பயிற்சி எடுத்தாக வேண்டும், அந்தக் கணக்கில்தான் இது சேர்கிறது, தனிச் செலவு இல்லை என்பது ராணுவத்தின் விளக்கம். குறித்த இடத்தைக் குறித்த நொடியில் கடப்பது போர் விமானிக்குத் தேவையான பயிற்சிதான், அதை மறுக்க முடியாது.

மறுக்க வேண்டியது வேறு. 2015 நவம்பரில் செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃப்ளேக்கும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கொடி விரிப்பு, சிப்பாய்களுக்கு மரியாதை, பிரிந்த குடும்பம் மைதானத்தில் எதிர்பாராமல் சேரும் காட்சி போன்றவற்றுக்காகப் பாதுகாப்புத் துறை அணிகளுக்குப் பணம் கொடுத்திருந்தது என்றது அறிக்கை. அவர்கள் பார்த்த 122 ஒப்பந்தங்களில் 72இல் இப்படிப்பட்ட அம்சம் இருந்தது, தொகை 68 லட்சம் டாலர். அந்தக் காட்சிகளைப் பார்த்துக் கண்கலங்கிய ரசிகருக்கு அது காசு கொடுத்து ஏற்பாடு செய்தது என்று தெரியாது. ஃபுட்பால் லீக் 2016 மே மாதத்தில் 7,23,734 டாலரைத் திருப்பிக் கொடுத்தது. மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்தரை வருடம் போர்க்கைதியாக இருந்தவர். அதனால் இதை ராணுவ விரோதம் என்று ஒதுக்க யாராலும் முடியவில்லை.

ராணுவம் ஏன் மைதானத்தைத் தேடுகிறது? 1973இல் கட்டாய ராணுவச் சேர்ப்பு நின்றுபோனது. அதன்பின் ஒவ்வொரு சிப்பாயையும் பேசி, ஈர்த்து, சேர்க்க வேண்டியிருக்கிறது. 18 வயது இளைஞர்கள் பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் கிடைக்கும் இடம் ஸ்டேடியம். இன்னொரு பக்கம், முழுநேரப் படையில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெரும்பாலான அமெரிக்கர்கள் தங்கள் ராணுவத்தை நேரில் பார்ப்பதே ஆட்டத்துக்குப் போகும் அன்றுதான்.

இந்த ஏற்பாட்டின் மிக வேதனையான பக்கம் பாட் டில்மன். அரிசோனா கார்டினல்ஸ் வீரர். 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு 2002இல் தம்பியோடு ராணுவத்தில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22 அன்று ஆஃப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியின் குண்டு என்று சொல்லி வீரப்பதக்கம் கொடுத்தார்கள். டிவியில் அஞ்சலி நடந்தது. அது முடிந்து பல நாள் கழித்துத்தான் சொந்தப் படையினரின் குண்டு என்று குடும்பத்துக்குத் தெரிந்தது. அவருடைய தாய் விடாமல் கேள்வி கேட்டதால்தான் 2007இல் விசாரணை நாடாளுமன்றம் வரை போனது.

வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகமது அலி எத்தனை வருடம் சிறையில் இருந்தார்?
— நெல்லை வாசகர்

அந்த வழக்கில் ஒரு நாளும் இல்லை. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவச் சேர்ப்புக்குப் பெயர் கூப்பிட்டபோது முன்னே வர மறுத்தார். உடனே பட்டம் பறிபோனது. ஜூனில் ஐந்து வருடச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் ஜாமீனில் இருந்தார். மூன்றரை வருடம் குத்துச்சண்டை இல்லை. உச்ச நீதிமன்றம் 1971 ஜூன் 28 அன்று 8–0 என்று அவரை விடுவித்தது. மனசாட்சிப்படி மறுப்பவருக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: எல்லாப் போரையும் எதிர்க்க வேண்டும், அது மதநம்பிக்கையில் ஊன்றியிருக்க வேண்டும், உண்மையான எதிர்ப்பாக இருக்க வேண்டும். எந்தக் காரணத்தால் நிராகரித்தோம் என்று மேல்முறையீட்டு வாரியம் சொல்லவில்லை. மூன்றில் இரண்டில் அலி தேறுகிறார் என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்த ஓட்டையில்தான் தீர்ப்பு நின்றது. பின்னாளில் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்ற அதே நாடு அவரை அழைத்தது.

மகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறாள். ஆட்டம் பார்க்கப் போனால் கீதத்தின்போது என்ன செய்ய வேண்டும்? எழுந்து நிற்காவிட்டால் தண்டனை உண்டா?
— சேலம், ஒரு தாய்

தண்டனை இல்லை. கொடியைப் பார்த்து நின்று வலது கையை நெஞ்சில் வைப்பது, தொப்பியைக் கழற்றுவது எல்லாம் சட்டப் புத்தகத்தில் முறையாக எழுதியிருக்கிறது. மீறினால் தண்டனை என்று எழுதவில்லை. கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1943 ஜூன் 14 அன்று, உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில். உங்கள் மகள் வெளிநாட்டவர் என்பதால் நெஞ்சில் கை வைக்கத் தேவையில்லை, பேசாமல் எழுந்து நின்றால் போதும், மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். பை விஷயத்தில் கவனம்: ஃபுட்பால் லீக் மைதானங்களில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைதான், 12க்கு 12 அங்குலம், அகலம் 6. சாதாரண தோள்பையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

2016இல் ஃபுட்பால் வீரர் கோலின் கேபர்னிக் கீதத்தின்போது மண்டியிட்டது பற்றிப் பலர் கேட்கிறார்கள். கறுப்பினத்தவர் மீதான காவல்துறை வன்முறையைக் கண்டித்து அவர் முதலில் உட்கார்ந்துதான் இருந்தார். முன்னாள் சிறப்புப் படை வீரர் நேட் போயர் அவரோடு பேசி, இறந்த தோழனின் கல்லறை முன் சிப்பாய்கள் மண்டியிடுவது போல் மண்டியிடலாம் என்றார். ராணுவத்தை அவமதித்ததாக எந்தச் செய்கையைத் தூற்றினார்களோ, அது ஒரு ராணுவ வீரரின் யோசனை.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?
— தஞ்சை வாசகர்

டிசம்பரில் இரண்டாம் சனிக்கிழமை வழக்கமாக நடக்கும் ராணுவம் – கடற்படை ஆட்டம். அங்கே பிற்பகல் 3 மணி என்றால் நமக்கு ஞாயிறு அதிகாலை 1.30. இரண்டு ராணுவக் கல்லூரிகளின் மாணவர்கள் 1890 முதல் ஆடிவருவது. சில மணி நேரம் முன்பே உட்காருங்கள். இரு கல்லூரி மாணவர்களும் அணிவகுத்து மைதானத்தை நிரப்புவார்கள். ஒரு பருவம் எதிர்க் கல்லூரியில் படித்த மாணவர்களை நடுமைதானத்தில் 'கைதிகள் பரிமாற்றம்' என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். ஆட்டம் நுட்பத்தில் உயர்ந்ததாக இருக்காது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் குறைந்தது ஐந்து வருடம் படையில் இருக்கப் போகிறவர்கள்.

முடிந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். இரண்டு அணிகளும் சேர்ந்து, தோற்ற கல்லூரியின் மாணவர்கள் இருக்கும் பக்கம் முதலில் போய் நிற்கும். அவர்களுடைய கல்லூரிப் பாடல் முடியும்வரை ஜெயித்தவர்களும் அசையாமல் நிற்பார்கள். பிறகு எல்லோரும் எதிர்ப்பக்கம் நடந்து போய் ஜெயித்தவர்களின் பாடலுக்கு நிற்பார்கள். வருடம் முழுக்க அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது 'ஜெயிப்போம்' என்றல்ல, 'இரண்டாவதாகப் பாடுவோம்' என்று.